போன் நல்லாத்தானே இருக்கு?

2025 பொங்கலுக்கு விருதுநகர் போயிருந்தபோது அப்பா தன் போனை என்னிடம் நீட்டி, “இது என்ன சொல்லுதுன்னு பாருப்பா” என்றார். வங்கிச் செயலியைத் திறந்தால் வெள்ளைத் திரையில் இரண்டே வரி. உங்கள் ஆண்ட்ராய்டு பதிப்பில் இந்தச் செயலி இனி இயங்காது, புதுப்பித்துக்கொள்ளவும். 2015-ல் நான் வாங்கிக் கொடுத்த போன் அது. ஆண்ட்ராய்டு 5.1. பத்து வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. பேட்டரியை மட்டும் ஒருமுறை பஜாரில் மாற்றியிருக்கிறார். ரப்பர் உறைக்குள் இரண்டு பஸ் டிக்கெட்டும் ஒரு ஐம்பது ரூபாய் நோட்டும் எப்போதும் இருக்கும்.

“புதுப்பிச்சுக்கோன்னுதானே போட்டிருக்கான்? புதுப்பிச்சுக் குடு.”

செட்டிங்ஸுக்குள் போய் ‘சிஸ்டம் அப்டேட்’டை அழுத்தினேன். ஒரு வட்டம் சுற்றியது. பிறகு, உங்கள் போன் புதுப்பித்த நிலையில் உள்ளது என்று பச்சை டிக் விழுந்தது. வங்கி பழசு என்கிறது, போன் புதுசு என்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றி அவரிடம் காட்டினேன்.

“போன் நல்லாத்தானே இருக்கு?” என்றார். கொஞ்சம் விட்டு, “யாரு நிறுத்துனது?”

அப்பா முப்பது வருடம் கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்தவர். அவர் உலகத்தில் எதுவும் தானாக நிற்பதில்லை. கடன் நின்றாலும் சரி, இன்கிரிமென்ட் நின்றாலும் சரி, எங்கோ ஒரு கோப்பு இருக்கும். அதன் கடைசித் தாளில் ஒரு கையெழுத்து இருக்கும். அந்தக் கையெழுத்து யாருடையது என்றுதான் கேட்டார். நான் பதினான்கு வருடமாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். அதில் சில வருடங்கள் போனுக்குள் ஓடும் மென்பொருளையே எழுதியிருக்கிறேன். எனக்குப் பதில் தெரியும். ஆனால் அன்றைக்கு “அது அப்படித்தான்ப்பா” என்று சொல்லி எழுந்துவிட்டேன். அன்று சொல்லாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

*

முதலில் ஒரு சின்ன வேறுபாடு. 2012-ல் வாங்கிய லேப்டாப்பில் 2020-ல் வந்த விண்டோஸையோ லினக்ஸையோ போட்டுவிடலாம். லேப்டாப் கம்பெனியைக் கேட்க வேண்டியதில்லை. அந்தக் கம்பெனி இழுத்து மூடியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏனென்றால் பிசி என்கிற சாதனம் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். இயங்குதளம் உள்ளே வந்ததும் “இங்கே யார் யார் இருக்கீங்க?” என்று கேட்கும். வீடியோ கார்டு, நெட்வொர்க் கார்டு, டிஸ்க் எல்லாம் வரிசையாகத் தங்கள் பெயரைச் சொல்லும். ஐபிஎம் பிசியைப் பார்த்து எல்லாக் கம்பெனிகளும் நகல் எடுத்த காலத்திலிருந்து படிப்படியாக உருவான ஒழுங்கு இது.

போனுக்குள் அப்படி யாரும் பேச மாட்டார்கள். ஆர்ம் வகைச் சிப்புகளைச் சுற்றி ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு கேமரா சென்சாரையும் டச் ஸ்கிரீனையும் மின்சார மேலாண்மைச் சிப்பையும் கோத்துவைத்திருக்கும். எது எந்த முனையில் இருக்கிறது என்பது அதைக் கோத்தவருக்குத்தான் தெரியும். சுவருக்குள் பைப் புதைத்து வயரிங் செய்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிளான் கிடையாது. வயரிங் செய்த எலக்ட்ரீஷியன் வேறு ஊருக்குப் போய்விட்டார். புதிதாக ஒரு ஃபேன் மாட்ட வேண்டுமென்றால் சுவரை உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு பிறந்தது இப்படிப்பட்ட வீடுகளுக்குள்தான். 2003-ல் ஆண்டி ரூபினும் கூட்டாளிகளும் தொடங்கிய சிறு நிறுவனம் அது. 2005-ல் கூகுள் வாங்கியது. 2007 ஜூனில் ஐபோன் கடைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் கூகுள் பல கம்பெனிகளைச் சேர்த்துக்கொண்டு ஓப்பன் ஹேண்ட்செட் அலையன்ஸ் என்ற கூட்டணியை அறிவித்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம், மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றியதை வெளியில் காட்டவும் வேண்டாம். இதுதான் கூகுள் வைத்த பேரம்.

ஒரே ஒரு சிக்கல். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கர்னல். அதன் ஜிபிஎல் உரிமத்தின்படி, கர்னலில் எழுதுவதை, போனை வாங்கியவர் கேட்டால் திறந்து காட்ட வேண்டும். சிப் கம்பெனிகளுக்குத் தங்கள் கேமரா சூத்திரத்தையும் கிராஃபிக்ஸ் ரகசியத்தையும் திறந்து காட்ட மனமில்லை. அதற்கு ஆண்ட்ராய்டு ஒரு வழி வைத்தது. கர்னலுக்கு வெளியே, ஹால் என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் ஓர் அடுக்கு. வன்பொருளைப் பற்றிய உண்மையான அறிவெல்லாம் அங்கே மூடிய கோப்புகளாக உட்கார்ந்துகொள்ளும். கர்னலில் ஒரு மெல்லிய டிரைவர் மட்டும் பேருக்கு இருக்கும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. இதில்லாமல் அன்றைக்கு எந்தக் கம்பெனியும் உள்ளே வந்திருக்காது என்றே நினைக்கிறேன். அப்பாவின் போன் நின்றதற்கான விதையும் அங்கேதான் விழுந்தது. மூடிய கோப்பு ஒரு குறிப்பிட்ட ஆண்ட்ராய்டு பதிப்புக்கென்று செய்யப்பட்டது. பதிப்பு மாறினால் கோப்பும் மாற வேண்டும். மாற்றித் தர அதை எழுதியவரால் மட்டுமே முடியும்.

முதல் ஆண்ட்ராய்டு போன் 2008 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. தைவானின் ஹெச்டிசி செய்து அமெரிக்காவில் டி-மொபைல் விற்ற ஜி1. திரையைத் தள்ளினால் அடியில் கீபோர்டு வரும். இப்போது படத்தில் பார்த்தாலும் எனக்கு ஆசையாக இருக்கிறது. அதற்குக் கடைசியாக வந்த அதிகாரபூர்வப் பதிப்பு 1.6. அதாவது, உலகின் முதல் ஆண்ட்ராய்டு போன் கடைக்கு வந்து ஒரு வருடத்தில் வழியில் இறக்கிவிடப்பட்டது. அந்தப் போனை விடாமல் ஓட்டியவர்கள் வெளியாட்கள்தான். ஸ்டீவ் கோண்டிக் என்பவர் அதற்காகவே தொகுத்த சயனோஜென்மாட் பின்னாளில் லினியேஜ் ஓஎஸ் என்ற பெயரில் தொடர்ந்தது. 2009 செப்டம்பரில் கூகுளே கோண்டிக்குக்கு நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. அவர் சேர்த்து வைத்திருந்த கூகுள் செயலிகள் திறந்த மூலம் கிடையாது என்பது காரணம்.

கர்னல் பக்கமும் சண்டை. ஆண்ட்ராய்டுக்காகச் செய்த மாற்றங்களை லினக்ஸ் முதன்மை மரத்தில் பராமரிக்க ஆளில்லை என்று 2010-ல், 2.6.33 பதிப்பில், எடுத்து வெளியே போட்டார்கள். 2012-ல் 3.3 பதிப்பில்தான் மறுபடி சேர்த்தார்கள். இடையில் 2011-ல் லினஸ் டோர்வால்ட்ஸ், ஆர்ம் சிப்புகளின் பெயரால் ஆளாளுக்கு ஒரே வேலையைத் தனித்தனியாக எழுதிக் கொட்டுவதைப் பார்த்து மின்னஞ்சல் பட்டியலில் கொதித்தார். அச்சில் போட முடியாத மொழி. அதிலிருந்துதான், எந்த முனையில் எது இருக்கிறது என்று தனிக் கோப்பில் எழுதிவைக்கும் டிவைஸ் ட்ரீ ஒழுங்கு ஆர்ம் உலகத்தில் பரவியது. வீட்டுக்கு பிளான் வரையத் தொடங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிளான் கிடைத்தாலும், பூட்டிய அறைகளின் சாவி எலக்ட்ரீஷியனிடமே இருந்தது.

*

2011-ல் எனக்குச் சென்னையில் முதல் வேலை. இரண்டாவது மாதச் சம்பளத்தில் ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன், 2.3 பதிப்பு. ரயிலில் ஊருக்குப் போகும்போது தமிழ் வலைப்பதிவுகள் படிக்கலாம் என்பதுதான் திட்டம். திறந்தால் வரிசை வரிசையாகச் சதுரக் கட்டங்கள். அதில் தமிழ் எழுத்துரு இல்லை. அந்தக் காலத்துத் தந்திரம் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஓபரா மினியில் ஒரு ரகசியப் பக்கத்தைத் திறந்து, சிக்கலான எழுத்துகளுக்குப் படமாக அனுப்பு என்ற வரியில் ‘ஆம்’ போட வேண்டும். எங்கோ இருக்கும் சர்வர் தமிழைப் படமாக்கி அனுப்பும். எறும்பு மாதிரி எழுத்து. அதில் நாவல் தொடரெல்லாம் படித்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு 4 வரிசையில் தமிழ் வந்துவிடும் என்றார்கள். போன் கம்பெனி தன் ஃபேஸ்புக் பக்கத்தில் “விரைவில்” என்று போட்டது. தினமும் போய்ப் பார்ப்பேன். எட்டு மாதம் கழித்து அந்தப் பதிவையே காணோம்.

எனக்கு மட்டுமான அனுபவம் இல்லை அது. 2011 முழுக்க உலகம் இதைத்தான் பேசியது. ஜூனில் ஹெச்டிசி தன் டிசையர் போனுக்கு 2.3 பதிப்பு வராது என்று அறிவித்தது. காரணம் நினைவகம்: தன்னுடைய ‘சென்ஸ்’ என்ற மேல்பூச்சையும் புதிய பதிப்பையும் சேர்த்துவைக்க இடமில்லையாம். மக்கள் திட்டியதும் மறுநாளே வாபஸ் வாங்கியது. பிறகு, சொந்தப் பொறுப்பில் போட்டுக்கொள்ளுங்கள் என்ற எச்சரிக்கையோடு ஒன்றை வெளியிட்டது. டிசம்பரில் சாம்சங்கின் முறை. ஒரு கோடிக்கும் மேல் விற்ற கேலக்ஸி எஸ் போனுக்கு ஆண்ட்ராய்டு 4.0 கிடையாது. அதே காரணம், டச்விஸ் என்ற அவர்கள் மேல்பூச்சுக்கு இடம் போதவில்லை. ஆனால் கிட்டத்தட்ட அதே சிப், அதே 512 எம்பி நினைவகத்தோடு அதே சாம்சங் கூகுளுக்காகச் செய்துகொடுத்த நெக்ஸஸ் எஸ் அதே டிசம்பரில் 4.0 வாங்கியது. அடுத்த கோடையில் 4.1-ம் வாங்கியது. மேல்பூச்சு இல்லை, அவ்வளவுதான். வீட்டுக்குள் பீரோ நுழையவில்லை என்பதற்காக வீட்டை இடிக்கச் சொன்ன கதை இது.

மேல்பூச்சைக் குறை சொல்வது சுலபம். நானும் பல வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கேலக்ஸி நெக்ஸஸ் விவகாரம் வந்தபோதுதான் அது போதாத விளக்கம் என்று புரிந்தது. 2011 இறுதியில் வந்த அந்தப் போன் கூகுளின் சொந்தப் பெயரில் விற்றது. மேல்பூச்சு கிடையாது, அப்டேட் நேராகக் கூகுளிடமிருந்து. இரண்டு வருடம்கூட முடியாத நிலையில், 2013 அக்டோபரில், அதற்கு 4.4 கிடையாது என்று கூகுள் சொன்னது. 18 மாதக் காலக்கெடு தாண்டிவிட்டது என்பது அதிகாரபூர்வப் பதில். அந்தக் கெடு 2011 மே மாதம் கூகுள் மேடையில் பெரிய கம்பெனிகளும் தொலைபேசி நிறுவனங்களும் சேர்ந்து கொடுத்த வாக்குறுதியிலிருந்து வந்தது. அந்தக் கூட்டணி அதற்குள் யாரும் வாய் திறக்காத விஷயமாகியிருந்தது. ஆனால் அந்தப் போனுக்குள் இருந்த சிப் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் செய்தது. 2012-ல் அந்தக் கம்பெனி போன் சிப் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்து, நவம்பரில் 1,700 பேரை வீட்டுக்கு அனுப்பியது. கூகுள் என்ன சொன்னாலும் என் போன்றவர்கள் பார்த்தது இதைத்தான்: மூடிய கோப்பை மாற்றித் தரக்கூடிய எலக்ட்ரீஷியன் வேலையில் இல்லை.

*

இப்போது என் கதை. அப்பாவிடம் சொல்லாதது இதுதான்.

2013-லிருந்து இரண்டரை வருடம் பெங்களூரில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் இருந்தேன். ஒரு சிப் கம்பெனிக்காக கேமரா ஹால் எழுதும் வேலை. எங்களிடம் ஒவ்வொரு போனுக்கும் ஒரு பெயர் இருக்கும், பெரும்பாலும் மீன் பெயரோ பறவைப் பெயரோ. போன் கடைக்கு வந்த பிறகு இரண்டு திருத்தப் பதிப்புகள் கொடுப்போம். அதோடு அந்தக் குழுவைக் கலைத்து அடுத்த பறவைக்கு மாற்றுவார்கள். பழைய பறவையின் கோடு சர்வரில் இருக்கும், அதைப் பற்றித் தெரிந்தவன் வேறு மாடியில் இருப்பான்.

ஒருநாள் மேலாளர் ஒரு எக்செல் தாள் அனுப்பினார். ஒரு போன் கம்பெனி கேட்கிறது: போன வருடப் போனுக்குப் புதிய ஆண்ட்ராய்டு பதிப்பில் கேமரா வேலை செய்ய என்ன ஆகும்? எங்கள் பகுதிக்கு நான்தான் மதிப்பீடு எழுத வேண்டும். மூன்று நாள் பார்த்தேன். புதிய பதிப்பில் கேமராவோடு பேசும் முறையே மாறியிருந்தது. ஆறு பேர், ஒன்பது வாரம் என்று எழுதினேன். நேர்மையான கணக்கு, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. தாளின் கடைசிக் கட்டத்தில் ‘பரிந்துரை’ என்று இருந்தது. அந்தச் சிப் இனி விற்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த பறவைக்கு நாங்கள் ஏற்கெனவே இரண்டு வாரம் தாமதம். ‘பரிந்துரைக்கப்படவில்லை’ என்று போட்டு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். அதன் பிறகு அந்தப் போனைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அது எந்த ஊரில் எத்தனை பேர் கையில் இருந்த போன் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. இந்தச் சங்கிலியில் வில்லன் யாருமில்லை என்று நான் நண்பர்களிடம் சொல்வதுண்டு. கூகுள் பதிப்பை இலவசமாகத் தருகிறது. சிப் கம்பெனிக்குச் சிப் விற்ற அன்றைக்கே காசு வந்துவிட்டது. போன் கம்பெனிக்குப் போன் விற்ற அன்றைக்கு. அமெரிக்கா மாதிரி நாடுகளில் தொலைபேசி நிறுவனம் வேறு தன் சோதனைக்கென்று சில வாரங்கள் உட்கார்த்திவைக்கும். 2013-ல் ஹெச்டிசி இந்த வழியையெல்லாம் ஒரு நீளப் படமாக வரைந்து வெளியிட்டது. அதில் மிக ஆரம்பத்திலேயே ஒரு கிளை வரும்: சிப் கம்பெனி ஆதரிக்க முடிவு செய்ததா, இல்லையா? இல்லை என்றால் கதை அங்கேயே முடிகிறது. அந்தக் கிளையில் நான் உட்கார்ந்திருந்தேன். வில்லன் இல்லை என்று சொல்வது என் தூக்கத்துக்கு வசதியாகவும் இருந்தது.

ஆப்பிளை இங்கே இழுக்காமல் முடியாது. சிப், போன், இயங்குதளம் மூன்றும் ஒரே வீட்டில். 2013-ல் வந்த ஐபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. முடியும் என்பதற்கு அது சாட்சி. அதற்காக அவர்களைக் கும்பிடவும் வேண்டாம். பேட்டரி பழசானால் போனைத் தானாக மெதுவாக்கியதை 2017 டிசம்பரில்தான், வெளியாட்கள் சோதித்துக் காட்டிய பிறகு, ஒப்புக்கொண்டார்கள்.

*

இந்தியாவில் ஒருமுறை இதற்கு மாற்று வழி முயன்று பார்க்கப்பட்டது. 2014 செப்டம்பர் 15 அன்று சுந்தர் பிச்சை டெல்லியில் ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் என்று மூன்று உள்ளூர்ப் பெயர்கள், விலை 6,399 ரூபாயிலிருந்து. உள்ளே மூன்றும் ஏறக்குறைய ஒரே போன், ஒரே மீடியாடெக் சிப். எந்தெந்த உதிரிப்பாகம் என்பதைக் கூகுளே தீர்மானித்தது. அதனால் மூன்றுக்கும் சேர்த்துக் கூகுளே இரண்டு வருடம் வரை அப்டேட் தரலாம். எல்லா வீட்டுக்கும் ஒரே வயரிங். டேட்டா விலை உயிரை வாங்கிய காலம் என்பதால், ஏர்டெல் சிம் இருந்தால் முதல் ஆறு மாதம் அப்டேட்டுக்கான டேட்டா இலவசம் என்றும் ஏற்பாடு செய்திருந்தார்கள். யோசித்துச் செய்த திட்டம். சொன்னபடி 5-ம் வந்தது, 6-ம் வந்தது. விலை உயர்ந்த போன்கள் பல அப்போது காத்துக்கொண்டிருந்தன.

ஆனால் போன் விற்கவில்லை. முதலில் இணையத்தில் மட்டும் விற்றதால் கடைக்காரர்கள் கடுப்பானார்கள் என்பது ஒரு காரணம். எனக்குத் தோன்றும் காரணம் வேறு: அப்டேட் வரும் என்பதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்ட முடியாது. பக்கத்திலேயே அதே விலைக்குப் பெரிய திரையும் கூடுதல் மெகாபிக்சலும் இருந்தன. நானும் 2015-ல் அப்பாவுக்குப் போன் வாங்கும்போது பெரிய திரையைத்தான் பார்த்தேன். தொழில் தெரிந்தவன், சங்கிலி தெரிந்தவன், ஆண்ட்ராய்டு ஒன்னைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தேன். அவருக்கு எழுத்து பெரிசாகத் தெரிய வேண்டுமே என்று.

அதே 2015 ஜூலையில் ஸ்டேஜ்ஃபிரைட் ஓட்டை வெளியே வந்தது. ஜிம்பீரியம் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஜோஷுவா டிரேக் கண்டுபிடித்தது. போன் நம்பர் தெரிந்தால் போதும். ஒரு வீடியோ எம்எம்எஸ் அனுப்பி, நீங்கள் திறக்காமலே, உள்ளே புகுந்துவிடலாம். பாதிக்கப்படக்கூடிய போன்கள் சுமார் 95 கோடி. திருத்தம் எழுதுவது பெரிய வேலையாக இல்லை, அதை 95 கோடிப் போன்களுக்குக் கொண்டுசேர்க்க வழிதான் இல்லை. மேடையில் பேசிய வாக்குறுதிகள் நான்கு வருடத்தில் செய்யாததை அந்தப் பயம் செய்தது. அடுத்த மாதமே கூகுளும் சாம்சங்கும் மாதாந்திரத் திருத்தங்களை அறிவித்தன. 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8-ல் டிரெபிள் என்ற திட்டத்தின்கீழ் சிப் கம்பெனியின் பகுதியைத் தனியாகப் பிரித்து, நடுவில் மாறாத ஒரு கதவு வைத்தார்கள். மேலே கூகுள் பகுதி மாறினாலும் கீழே பழைய கோப்பு அப்படியே இருக்கலாம். நல்ல பொறியியல். ஒன்பது வருடம் தாமதம். அதுவும் புதிதாக வரும் போன்களுக்குத்தான் கட்டாயம். அதிலும் ஒரு வேடிக்கை: எந்தப் பதிப்பும் எந்தப் பழைய கோப்போடும் ஓட வேண்டும் என்றானதும், சிப் கம்பெனி சோதிக்க வேண்டிய ஜோடிகள் பெருகி அதன் சுமை கூடிவிட்டது. 2020 இறுதியில்தான் கூகுளும் குவால்காமும் அதைச் சரிசெய்தன.

*

சிப் கம்பெனி கைவிட்ட பிறகும் ஒரு போனைப் பிடிவாதமாக ஓட்டிக் காட்டியவர்கள் நெதர்லாந்தின் ஃபேர்போன்காரர்கள். அவர்கள் முதல் போன் 2013-ல் வந்தது. மீடியாடெக் சிப்பின் மூலக்கோடு முழுதாகக் கையில் கிடைக்காமல் 4.2 பதிப்பிலேயே மாட்டிக்கொண்டு, 2017-ல் கைவிட்டார்கள். பாடம் படித்துக்கொண்டு 2015 இறுதியில் இரண்டாவது போனை ஸ்னாப்டிராகன் 801 சிப்பில் செய்தார்கள். வாங்கியவரே ஸ்க்ரூடிரைவர் வைத்துப் பிரித்துப் பழுது பார்க்கலாம். ஆனால் அந்தச் சிப்புக்கு ஆண்ட்ராய்டு 6-க்கு மேல் ஆதரவு தருவதைக் குவால்காம் நிறுத்திவிட்டது. மற்ற கம்பெனிகள் அங்கேயே கடையைக் கட்டின. ஃபேர்போன் விடவில்லை. லினியேஜ் ஓஎஸ் ஆர்வலர்கள் செய்துவைத்த வேலையின் மேல் ஏறி நின்று, கூகுளின் சான்றிதழுக்கான பல லட்சம் சோதனைகளில் ஒவ்வொன்றாகத் தேறி, 2021 மார்ச்சில் ஆண்ட்ராய்டு 9-ஐக் கொடுத்தார்கள். அடுத்து 10. கடைசியில் 2023 மார்ச்சில் நிறுத்தினார்கள். ஏழு வருடம்.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. நாங்கள் ஆறு பேர், ஒன்பது வாரம் என்று எழுதி மூடிய வேலையை, மூடிய கோப்புக்கு வெளியே நின்றுகொண்டு ஒரு சின்னக் கம்பெனி செய்திருக்கிறது. அவர்கள் மெதுவாகத்தான் செய்தார்கள். கூகுள் 11-ல் இருந்தபோது இவர்கள் 9 கொடுத்தார்கள். இருந்தாலும் முடிந்திருக்கிறது.

அப்டேட் நின்றுபோன போன்களை உலகம் எப்படித் தூக்கிச் சுமக்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த கதை இன்னொன்று. இணையதள முகவரியில் பூட்டுப் படம் தெரிகிறதே, அதற்குப் பின்னால் ஒரு சான்றிதழ் இருக்கிறது. யார் கொடுக்கும் சான்றிதழை நம்பலாம் என்ற பட்டியல் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும். அந்தப் பழைய ஆண்ட்ராய்டு போன்களில் இயங்குதளம் மாறினால்தான் பட்டியலும் மாறும். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2015-லிருந்து உலகத்துக்கே இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கிறது. ஆனால் அதன் பெயர் ஆண்ட்ராய்டு 7.1.1-லிருந்துதான் பட்டியலில் உண்டு. அதுவரைக்கும் பட்டியலில் இருந்த ஒரு பழைய நிறுவனத்தின் சிபாரிசில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழையவரின் மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதி. அதன் பிறகு பழைய போன்களில் கோடிக்கணக்கான தளங்கள் திறக்காது. 2020 நவம்பரில் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி ஆண்ட்ராய்டு போன்களில் 33.8 சதவீதம் 7.1-க்குக் கீழே இருந்தன. மூன்றில் ஒன்று! நல்லாத்தானே இருக்கிற போன்கள்.

தீர்வு எப்படி வந்தது தெரியுமா? ஆண்ட்ராய்டு தன் பட்டியலில் இருக்கும் மூலச் சான்றிதழின் காலாவதித் தேதியைப் பார்ப்பதே இல்லை. தெரிந்த ஆளாக இருந்தால், கார்டில் தேதி முடிந்திருந்தாலும் அரிசி போட்டு அனுப்புகிற ரேஷன் கடைக்காரர் மாதிரி. அதைப் பயன்படுத்தி, பழைய நிறுவனம் தான் காலாவதியான பிறகும் மூன்று வருடம் செல்லும்படி ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தது. 2024 வரை பழைய போன்கள் அந்த ஓட்டை வழியாகவே உலகத்தைப் பார்த்தன. செப்டம்பர் 30 இரவு நானும் என் அலுவலக சர்வர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பழைய போன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த காலாவதித் தேதியைப் பொறுப்பாகச் சரிபார்த்த எங்கள் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் சர்வர்கள்தான் விழுந்தன.

இப்போது நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. 2023-ல் பிக்சல் 8-க்கு ஏழு வருடம் என்றது கூகுள். 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் அதையே சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சட்டமே வந்துவிட்டது: ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய நாளிலிருந்து ஐந்து வருடத்துக்கு அப்டேட். இதற்கு நடுவே, 2017-ல் ஆறு வருடமாக நீட்டிய நீண்டகாலக் கர்னல் ஆதரவை மறுபடி இரண்டு வருடமாகக் குறைக்கப்போவதாக 2023-ல் சொன்னார்கள். பராமரிப்பவர்கள் சோர்ந்துவிட்டார்கள், அவ்வளவு பழைய கர்னலை வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை. ஏழு வருடம் என்று மேடையில் சொல்வது கம்பெனி. அடியில் உட்கார்ந்து திருத்தம் ஒட்டுகிறவர்கள் சில பேர்தான்.

*

அந்தப் பொங்கல் விடுமுறையிலேயே அப்பாவின் போனைக் காப்பாற்றிப் பார்த்தேன். பூட்லோடரைத் திறந்து, யாரோ ஒரு ஆர்வலர் அந்த மாடலுக்கென்று தொகுத்துவைத்திருந்த லினியேஜ் ஓஎஸ்ஸைப் போட்டேன். முழு இரவு வேலை. காலையில் போன் புதுசாக எழுந்தது. முன்பைவிட வேகம். கேமரா மட்டும் திறக்கவில்லை. மூடிய கோப்பு. வங்கிச் செயலியை இறக்கினேன். இந்த முறை பதிப்பு பழசு என்று சொல்லவில்லை. இந்தக் கருவி மாற்றியமைக்கப்பட்டுள்ளது, பாதுகாப்புக் காரணங்களுக்காக இயங்காது என்றது.

அப்பா சிரித்துவிட்டார். “அப்ப பழசா இருந்தாலும் ஆகாது, புதுசாக்கினாலும் ஆகாது.”

மதியம் சாப்பிட்டுவிட்டு, பெங்களூர் எக்செல் தாளைப் பற்றி அவரிடம் சொன்னேன். கடைசிக் கட்டத்தில் நான் எழுதியதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் எத்தனை கடன் மனுக்களில் அப்படி எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. “மேல எவனாவது பாத்தானா அதை?” என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன்.

சாயங்காலம் பஜாருக்குப் போய் வேறு போன் வாங்கினோம். கடைக்காரப் பையன் மெகாபிக்சல் சொல்ல ஆரம்பித்ததும் அப்பா கையைக் காட்டி நிறுத்தி, “எந்த வருஷம் வரைக்கும் அப்டேட் வரும்?” என்றார். பையனுக்குத் தெரியவில்லை. நான் தேடிச் சொன்னேன். வீட்டுக்கு வந்து டப்பாவின் பக்கவாட்டில் பால்பாயிண்ட் பேனாவால் அந்த வருடத்தை எழுதி, பில்லோடு பீரோவில் வைத்தார்.

பழைய போன் அவர் தலைமாட்டில் அலாரத்துக்கும் டார்ச்சுக்கும் இருக்கிறது. அந்த ஆர்வலர் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் ஏதாவது திருத்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறார். போன வாரம் அப்பா கூப்பிட்டிருந்தார்.

“அந்தப் பழைய போனுக்கு அப்டேட் வந்திருக்குப்பா. போட்டுரவா?”